பக்கத்து அரசுப் பள்ளியோடு ஒரு செமஸ்டர்: கல்லூரி மாணவர்களுக்கான வழிகாட்டி

நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) பெயர் கொடுத்திருப்பீர்கள். அல்லது சமூக ஈடுபாடு என்று இரண்டு கிரெடிட்டுக்கு ஒரு தாள் வந்திருக்கும். "பக்கத்துல ஏதாவது ஒரு ஸ்கூலைப் பிடிங்க" என்று பேராசிரியர் சொல்லிவிட்டுப் போயிருப்பார். எந்தப் பள்ளி, யாரைக் கேட்பது, போய் என்ன செய்வது என்ற குழப்பம் அங்கே ஆரம்பிக்கும்.

வழக்கமாக நடப்பது என்ன? ஒருநாள் கல்லூரிப் பேருந்தில் நாற்பது பேர் போய் இறங்குவார்கள். மரக்கன்று நடுவார்கள், சுற்றுச்சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், பேனர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அன்று மதியம் வகுப்பு இல்லை என்பதில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சுவருக்கு வண்ணம் தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் படிக்கிற பாடத்துக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மறுவாரம் நீங்கள் வரப்போவதும் இல்லை.

இதற்கு மாறானது சேவைவழிக் கற்றல். அதில் பள்ளிக்கு நிஜமாகவே தேவைப்படும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, உங்கள் படிப்பில் உள்ள ஒன்றை அதற்குப் பயன்படுத்தி, ஒரு செமஸ்டர் முழுக்கத் தொடர்ந்து செய்கிறீர்கள். செய்ததை எழுதிப் பார்த்து, பேசிப் பார்த்து, அதிலிருந்து நீங்களும் படிக்கிறீர்கள். மதுரை லேடி டோக் கல்லூரி, திருச்சி புனித வளனார் கல்லூரியின் ஷெப்பர்டு விரிவாக்கத் துறை, சென்னை லயோலாவின் அவுட்ரீச் துறை ஆகியவை சமூகப் பணியைப் பல ஆண்டுகளாகப் படிப்போடு சேர்த்தே வைத்திருக்கின்றன. உங்கள் கல்லூரியில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆறேழு பேரும் ஒரு பேராசிரியரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

முதலில் கல்லூரிக்குள் முடிக்க வேண்டியவை

பொறுப்பேற்கும் ஆசிரியர் ஒருவர் இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். பள்ளியில் ஒரு சிக்கல் என்றால் பேச வேண்டியவர் அவர்தான், கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். என்.எஸ்.எஸ். அலகு இருந்தால் திட்ட அலுவலரைப் பிடியுங்கள். 1969-இல் காந்தி நூற்றாண்டின்போது தொடங்கிய திட்டம் அது. தன்னார்வலர் ஒருவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும், ஏழு நாள் சிறப்பு முகாமிலும் கலந்துகொள்ள வேண்டும். பள்ளியில் செலவிடும் நேரத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஆள் கணக்கு. ஒரு வகுப்புக்கு ஆறு முதல் எட்டுப் பேர் போதும். பட்டியலில் ஐம்பது பேர் இருந்தால் ஆறேழு பள்ளிகளாகப் பிரிந்துகொள்ளுங்கள். ஐம்பது பேரும் ஒரே பள்ளிக்குள் நுழைந்தால் அங்கே அன்றைக்கு நடப்பது திருவிழாதான், பாடம் இல்லை.

எந்தப் பள்ளி

கல்லூரியிலிருந்து நடந்தோ டவுன் பஸ்ஸிலோ அரை மணி நேரத்தில் போகிற தூரம். இதுதான் முதல் தகுதி, இரண்டாவது தகுதியும் இதுதான். தூரத்துக் கிராமத்துப் பள்ளிக்குப் போவது கேட்க நன்றாக இருக்கும். மூன்றாவது வாரம் பஸ் தவறும், ஐந்தாவது வாரம் இரண்டு பேர்தான் போவார்கள்.

தொடக்கப் பள்ளியோ நடுநிலைப் பள்ளியோ நல்லது என்பது என் கருத்து. பல தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள்தான். ஒருவர் கூட்டத்துக்குப் போய்விட்டால் மிச்சமுள்ள ஒருவர் பாவம், எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துச் சமாளிக்க வேண்டும். அங்கே நீங்கள் நாலு பேர் போனால் உடனே வித்தியாசம் தெரியும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் பொதுத்தேர்வு நெருக்கடியில் இருப்பவை. அங்கே போய்ப் பாடம் எடுக்க நினைக்காதீர்கள்.

பள்ளி யாருடையது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாமே பார்க்க ஒன்று போல இருக்கும், ஆனால் அனுமதி கேட்க வேண்டிய இடம் மாறும். ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர், அதாவது பி.இ.ஓ. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலகம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு மாநகராட்சியின் கல்வித் துறை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் வேறு துறைகளின் கீழ் வருகின்றன. உதவிபெறும் பள்ளியில் தாளாளரைக் கேட்க வேண்டும். எதுவாக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டியவர் தலைமையாசிரியர். அவர் "சரி" என்ற பிறகுதான் மேலே உள்ள அலுவலகம். அங்கே போய் உத்தரவு வாங்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றால் அனுமதி கிடைக்கும், மனசு கிடைக்காது.

எச்.எம்.மைப் பார்க்கப் போகும்போது

போனில் நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை காலையைத் தவிர்த்துவிடுங்கள். பேராசிரியரோடு இரண்டு மாணவர்கள் போனால் போதும். கையில் அச்சடித்த நிகழ்ச்சி நிரல் வேண்டாம்.

அவர் தயங்கினால் கோபப்படாதீர்கள். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாம் நடத்தியவர்களால் மாணவிகளுக்குக் கொடுமை நேர்ந்தது. அடுத்த மாதமே சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் வெளியாள் ஒருவர் பேசிய பேச்சு மாநிலம் முழுக்கச் சர்ச்சையானது. இதற்கெல்லாம் பிறகு, வெளியிலிருந்து யார் வந்தாலும் தாள் கேட்பதுதான் பொறுப்புள்ள தலைமையாசிரியரின் வேலை. தாள் எதுவும் கேட்காமல் "வாங்க, வாங்க" என்று வகுப்புக்குள் விடுகிற பள்ளியைப் பார்த்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும்.

"என்ன தேவை சார்?" என்று பொதுவாகக் கேட்டால் சுவர், கழிப்பறை, பெஞ்சு, பிரிண்டர் என்றுதான் பதில் வரும். வெளியாட்கள் இதுவரை கொடுத்ததெல்லாம் அதுதானே! அவற்றுக்கு 2022-இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் இருக்கிறது, பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. எந்த வகுப்பில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள் அதிகம்? கணக்கில் எந்த இடத்தில் நின்றுபோகிறார்கள்? ஆசிரியருக்கு நேரம் கிடைக்காமல் விட்டுப்போகும் வேலை எது? போன வருடம் யாராவது இப்படி வந்தார்களா, ஏன் நின்றுபோனது?

கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் பதிலில் உங்கள் திட்டத்தில் பாதி இருக்கும். அப்புறம் எச்.எம். அறையிலிருந்து எழுந்து, அந்த வகுப்பின் ஆசிரியரோடு பத்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். உங்களோடு வாராவாரம் இருக்கப்போகிறவர் அவர். அவருக்கு விருப்பமில்லை என்றால் வேறு வகுப்பைக் கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகு கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம். வருகிற மாணவர்களின் பெயர், பதிவு எண், பொறுப்பாசிரியரின் தொலைபேசி எண், எந்தக் கிழமை, எந்தப் பாடவேளை, எந்த வகுப்பு, என்ன வேலை, எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். படம் எடுக்க மாட்டோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே அழைத்துப்போக மாட்டோம் என்ற இரண்டு வரியையும் சேர்த்துவிடுங்கள். ஒரு நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு.

என்ன வேலை எடுக்கலாம்

கல்லூரி மாணவர்களால் நிஜமாகவே செய்ய முடிகிற மூன்று வேலைகளைச் சொல்கிறேன். மூன்றையும் ஒரே செமஸ்டரில் தொடாதீர்கள்.

முதலாவது, வாசிப்பும் அடிப்படைக் கணக்கும். மூன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு ஏற்றது. தமிழ், உளவியல், கணிதம், சமூகப்பணி படிப்பவர்களுக்கு இதில் அவரவர் பாடத்துக்கான தீனி நிறைய உண்டு. தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு, கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் நாடு முழுக்கப் பார்க்கும் 'ஏசர்' கணக்கெடுப்பில் பயன்படும் முறை எளிது. எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என்று வரிசையாக வாசிக்கக் கொடுப்பார்கள். கணக்கில் ஓரிலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். தனியாக, ஒரு ஓரமாக உட்கார வைத்துக் கேளுங்கள். மற்ற பிள்ளைகள் முன்னால் நிறுத்தி வாசிக்கச் சொன்னால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை உங்களைப் பார்த்ததும் ஒளிந்துகொள்ளும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படை வாசிப்பு, கணக்குத் திட்டம் நடக்கிறது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். அந்தப் பட்டியலை ஆசிரியரிடம் கேட்டு, உங்கள் கணிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்களாகப் புதுப்பெயர் வைத்து இன்னொரு பட்டியல் போட்டு ஆசிரியரைக் குழப்ப வேண்டாம்.

தமிழ் வாசிப்பில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள் ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான். கொம்போடு இன்னொரு குறியும் சேர்ந்து வரும் கொ, கோ, கௌ. ர-ற, ல-ள-ழ, ண-ந-ன. அதைவிட முக்கியம் உகர, ஊகார வரிசை. மற்ற வரிசைகளில் ஒரே குறி எல்லா எழுத்துக்கும் பொருந்தும். கு, சு, டு, து என்று வரும்போது எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. நமக்குப் பழகிவிட்டதால் இது கஷ்டம் என்றே தோன்றுவதில்லை. மொழியியல் தாள் படிக்கிறவர்கள் இதை வைத்தே ஒரு நல்ல ஆய்வுக் குறிப்பு எழுதலாம். கணக்கிலும் இப்படித்தான். அம்மாவுக்குக் கடையில் ஒத்தாசை செய்யும் பிள்ளை ஐம்பது ரூபாய்க்கு மீதிச் சில்லறையை மனசிலேயே சொல்லிவிடும். அதே கழித்தலைத் தாளில் மேலும் கீழுமாக எழுதினால் திகைத்து நிற்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் பாலம் போடுவதுதான் உங்கள் வேலை.

ஒரு பாடவேளையை இப்படி வைத்துக்கொள்ளலாம். முதலில் ஐந்து நிமிடம் நீங்கள் ஒரு கதையைச் சத்தமாக வாசியுங்கள். பிறகு நாலைந்து பிள்ளைகளுக்கு ஒருவர் என்று பிரிந்து இருபது நிமிடம், அவரவர் நிலைக்கேற்ற வாசிப்பு. அதற்கப்புறம் பிள்ளையே சொல்லும் ஒரு வாக்கியத்தை அதன் கையாலேயே எழுத வையுங்கள். "நேத்து எங்க ஆடு குட்டி போட்டுச்சு" என்று எழுதினால் அப்படியே விடுங்கள், உடனே திருத்த வேண்டாம். கடைசியில் ஒரு விடுகதை. புத்தகத்துக்கு அலைய வேண்டியதில்லை. பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறுநூல்கள் பல பள்ளிகளில் கட்டாகவே கிடக்கும். நுழை, நட, ஓடு, பற என்று எளிதிலிருந்து கடினத்துக்குப் போகும் வரிசை அவற்றில் உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' பழைய இதழ்கள் கிடைத்தால் பெரிய பிள்ளைகளுக்கு ஆகும்.

இரண்டாவது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்கான பயிற்சி. அரசு, உதவிபெறும் பள்ளிகளில் படிக்கும், குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத மாணவர்களுக்கானது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. மனத்திறன் பகுதியில் 90 வினா, பாடப்பகுதியில் 90 வினா. மனத்திறன் வினாக்களைப் பாடத்திட்டத்துக்கு நடுவில் நடத்த ஆசிரியர்களுக்கு நேரம் இருப்பதில்லை. வேலைவாய்ப்புத் தேர்வுக்காக நீங்கள் போட்டுப் பார்க்கும் எண் தொடர், குறியீடு, திசைக் கணக்குகளின் தம்பிகள்தான் அவை. தேர்வு பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் வரும் என்பதால் ஜூலையிலேயே தொடங்கினால் பலன் இருக்கும்.

மூன்றாவது வேலையைப் பலரும் யோசிப்பதே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்றேன் அல்லவா? அவர்களுக்குக் கல்லூரிக்குள் நுழையும் வழியைக் காட்டலாம். அரசுப் பள்ளியிலிருந்து, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவர் உங்கள் குழுவில் கட்டாயம் இருப்பார். அவர் அலைந்த அலைச்சல்தான் பாடப்புத்தகம். தேர்வு முடிவு வந்தபிறகு சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் என்று எல்லோரும் ஒரே வாரத்தில் இ-சேவை மையத்தில் குவிவார்கள். இதை ஜனவரியிலேயே சொல்லி, யாரிடம் எது இல்லை என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால் மே மாத ஓட்டம் பாதி குறையும். பெயரின் முன்னெழுத்து ஆதாரில் ஒன்றும் பள்ளிப் பதிவேட்டில் ஒன்றுமாக இருந்தால் அதையும் அப்போதே பிடித்துவிடலாம்.

அரசு கலை, அறிவியல் கல்லூரிக்கு எப்படி விண்ணப்பிப்பது, பொறியியல் கலந்தாய்வில் விருப்பப் பட்டியலை எப்படி வரிசைப்படுத்துவது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு யாருக்குப் பொருந்தும், மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் எப்படி என்று சொல்லுங்கள். ஆசிரியர்களும் இதையெல்லாம் சொல்கிறார்கள்தான். ஆனால் "ஹாஸ்டல்ல சோறு எப்படி அக்கா இருக்கும்?", "இங்கிலீஷ்ல நடத்துனா புரியுமா அண்ணா?" என்ற கேள்விகள் உங்களிடம்தான் வரும். அவற்றுக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். உங்கள் கல்லூரிக்கு ஆள் பிடிக்கிற வேலையாக மட்டும் இதை ஆக்கிவிடாதீர்கள்.

நாட்காட்டி போடுவது

செமஸ்டர் பதினைந்து வாரம் என்று பேர். உங்கள் உள்மதிப்பீட்டுத் தேர்வுகள், பள்ளியின் காலாண்டுத் தேர்வு, ஆயுத பூஜை, தீபாவளி, நவம்பர் மழை விடுமுறை, கலைத் திருவிழா எல்லாம் போகக் கையில் மிஞ்சுவது எட்டு, ஒன்பது வாரம். அதற்கு மட்டும் திட்டம் போடுங்கள். ஜூலையில் தொடங்குவது நல்லது. டிசம்பரில் தொடங்கினால் அரையாண்டு, பொங்கல், மார்ச்சில் பொதுத்தேர்வு என்று இடம் கிடைப்பதே கஷ்டம்.

ஒரே கிழமை, ஒரே பாடவேளை, ஒரே முகங்கள். ஒருவர் வர முடியாவிட்டால் முந்தின நாளே வகுப்பாசிரியருக்குச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் வியாழக்கிழமை என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். இரண்டு முறை ஏமாந்தால் மூன்றாம் முறை பார்க்க மாட்டார்கள்.

வகுப்புக்குள் சில கட்டுப்பாடுகள்

தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர், கதவு திறந்தபடி. கை ஓங்கக் கூடாது, பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடலை வருத்தும் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. விளையாட்டுக்குக்கூட முட்டி போட வைக்காதீர்கள். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். உங்கள் எண்ணையோ இன்ஸ்டா பக்கத்தையோ பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், எட்டாம் வகுப்புக்கு மேலே உள்ளவர்கள் நிச்சயம் கேட்பார்கள். அறிக்கைக்குப் படம் வேண்டும் என்றால் கரும்பலகை, எழுதிய தாள், உங்கள் குழு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா என்ன வேலை, வீடு எந்தத் தெரு என்ற கேள்விகளைத் தவிர்த்துவிடுங்கள். நம் ஊரில் தெருவைக் கேட்பது எதைக் கேட்பதற்குச் சமம் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். வாராவாரம் சாக்லேட் வேண்டாம்.

ஒரு பிள்ளை வீட்டிலோ வெளியிலோ தனக்கு நேரும் கொடுமையைப் பற்றி உங்களிடம் சொன்னால் அமைதியாகக் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், துருவித் துருவி விசாரிக்கவும் வேண்டாம். அன்றே பொறுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் கொடுமை பற்றித் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். பள்ளியில் "இதைப் பெரிசாக்க வேண்டாம்" என்று சொன்னாலும் உங்கள் கடமை அதோடு முடிந்துவிடாது.

ஆசிரியரோடு

நீங்கள் வகுப்புக்குள் நுழைந்ததும் ஆசிரியர் எமிஸ் என்ற இணையத் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதியப் போய்விடக்கூடும். அவர்மேல் தப்பில்லை, பதிவேற்ற வேண்டியது அவ்வளவு குவிந்திருக்கும். ஆனால் அது பழக்கமானால் நீங்கள் சம்பளமில்லாத மாற்று ஆசிரியர் ஆகிவிடுவீர்கள். நீங்கள் போனபிறகு எதுவும் தொடராது. "டீச்சர், நீங்க இந்தக் குழுவோட பத்து நிமிஷம் உட்காருங்க, எங்களுக்குப் பார்த்துக் கத்துக்கணும்" என்று கேளுங்கள். பெரும்பாலோர் சந்தோஷமாக உட்காருவார்கள். இருபது வருடமாக ஒன்றாம் வகுப்பு எடுத்தவர் ஒரு எழுத்தை எப்படி அறிமுகப்படுத்துகிறார் என்று பார்ப்பதே உங்களுக்கு ஒரு பாடம். கல்லூரியில் படித்த கோட்பாட்டை அவரிடம் விளக்காதீர்கள்.

'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர் அந்தப் பகுதியில் இருந்தால் அவரையும் பாருங்கள். 2021-இல் கொரோனா இடைவெளியை ஈடுகட்டத் தொடங்கிய திட்டம் அது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள் என்பதால் எந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

எழுதி வைப்பது

பள்ளியிலிருந்து திரும்பும் பஸ்ஸிலேயே அரைப்பக்கம் எழுதிவிடுங்கள். இன்று எது நடக்கும் என்று நினைத்தேன், எது நடந்தது, அது என் பாடத்தில் எதோடு ஒத்துப்போகிறது அல்லது முட்டிக்கொள்கிறது, அடுத்த வாரம் எதை மாற்றப் போகிறேன். "மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது, பிள்ளைகள் அன்பாக இருந்தார்கள்" என்று எழுதினால் பேராசிரியர் அதை அடித்துவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழுவாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து இந்தக் குறிப்புகளைப் பேசுங்கள். மதிப்பெண் போடும்போது எத்தனை மணி நேரம் போனார்கள் என்பதைவிட இந்தக் குறிப்புகளுக்கு அதிக எடை கொடுக்கும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆறாவது வாரத்தில் வருகைப்பதிவுக்காக மட்டும் வருகிற நண்பர்கள் சிலர் முளைப்பார்கள்.

முடிக்கும்போது

எந்த வாரத்தோடு முடியும் என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கடைசி மூன்று வாரமும் நினைவூட்டுங்கள். கடைசிக்கு முந்தின வாரம் அதே ஏசர் முறையில் திரும்பப் பாருங்கள். சில பிள்ளைகள் ஒரு நிலைகூட ஏறியிருக்க மாட்டார்கள். அறிக்கையில் அதை அப்படியே எழுதுங்கள், எட்டு வாரத்தில் எல்லோரும் கதை வாசித்தார்கள் என்றால் யாரும் நம்பப் போவதில்லை. பிள்ளைக்கு ஒரு தாள் என்று எங்கே தொடங்கியது, எங்கே நிற்கிறது, எந்த முறை பலித்தது என்று எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். அந்தத் தாள்கள் பள்ளியிலேயே இருக்கட்டும். கல்லூரி அறிக்கையில் பிள்ளைகளின் பெயர் வர வேண்டியதில்லை.

அடுத்த செமஸ்டரில் தொடரப்போகும் ஜூனியர்கள் இரண்டு பேரைக் கடைசி இரண்டு வாரமும் கூடவே கூட்டிப்போய், ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் அறிமுகம் செய்து வையுங்கள். பணிச் சான்றுக் கடிதம் வேண்டும் என்றால் கடைசி வருகைக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். தேர்வுப் பணி தொடங்கிவிட்டால் எச்.எம்.மைப் பிடிப்பது கஷ்டம்.